எத்தனை பேரில் எத்தனை பேர்?

கேள்வி: நான் சாப்பிடும் கருத்தடை மாத்திரை, காலில் ரத்தம் உறையும் ஆபத்தை இரண்டு மடங்காக்கும் என்று படித்தேன். நாளைக்கே நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தாதீர்கள். முதலில் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். இரண்டு மடங்கு என்று யாராவது சொன்னால் நாம் உடனே கேட்க வேண்டியது, எதற்கு இரண்டு மடங்கு என்பதுதான்.

இதே செய்தி பிரிட்டனில் 1995 அக்டோபரில் வந்தது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்த உறைவு ஆபத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகின்றன என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. எண்ணில் பொய் இல்லை. பழைய மாத்திரை சாப்பிடும் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதிய மாத்திரையில் 7,000 பேரில் இருவருக்கு வந்தது. ஒன்று இரண்டானால் இரண்டு மடங்குதானே! ஆனால் அந்த 7,000 பற்றிப் பெரும்பாலோருக்கு யாரும் சொல்லவில்லை. பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அதன் விளைவாக அடுத்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த மாத்திரையால் வருவதைவிடக் கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

இதைக் கேட்டு வருபவர்களுக்கு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுபது கட்டம் போட்டுக் காட்டுவேன். ஒரு கட்டத்துக்கு நூறு பேர். ஏதோ ஒரு கட்டத்தின் மூலையில் பேனாவால் ஒரே ஒரு புள்ளி வைப்பேன். பக்கத்தில் இன்னொரு எழுபது கட்டம், அதில் இரண்டு புள்ளி. பெரும்பாலும் அதற்குப் பிறகு நான் பேசத் தேவையிருக்காது.

ஆனால் உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ முன்பே ரத்த உறைவு வந்திருந்தால் கணக்கு மாறும். 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவராக இருந்தாலும், கண்ணில் ஒளிக்கீற்று தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அன்றைக்கே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: புற்றுநோயை ஒழிக்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டதாக ஒரு செய்தி. எப்போது கிடைக்கும்?

செய்தியின் கடைசிப் பத்தி வரை போய் எலி என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மனிதர்களிடம் சோதனை இனிமேல்தான் தொடங்கும். எலியில் பலித்த புற்றுநோய் மருந்துகளில் மிகப் பெரும்பாலானவை மனிதரிடம் வரும்போது நின்றுவிடுகின்றன. இப்போது நடக்கும் சிகிச்சையை மட்டும் இதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தட்டம்மை பரவிய ஒரு பள்ளியில், நோய் வந்தவர்களில் தடுப்பூசி போட்ட பிள்ளைகள்தான் அதிகமாம். அப்புறம் ஊசி எதற்கு?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர் மேல் எனக்குக் கோபமே வராது. ஒரு கணக்குப் போடலாம். 1,000 பிள்ளைகள் படிக்கிறார்கள். 980 பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள், 20 பேர் போடாதவர்கள். இரண்டு தவணை ஊசி 100 பேரில் சுமார் 97 பேரைக் காக்கும். பள்ளி முழுக்கக் கிருமி சுற்றினால், ஊசி போட்டவர்களில் மிஞ்சிய 3 சதவீதம், அதாவது 29 பேர் வரை படுப்பார்கள். போடாதவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வரும், அதாவது 18 பேர். ஆக, 29 பேர் போட்டவர்கள், 18 பேர் போடாதவர்கள்! பார்த்தால் ஊசி தோற்றதுபோல இருக்கும். 980 பேரில் 29, 20 பேரில் 18 என்று எழுதிப் பாருங்கள், படம் தலைகீழாகிவிடும்.

எதிர்ப்பு சக்தி இல்லாத இடத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். அதனால்தான் 95 சதவீதம் பேருக்காவது ஊசி போய்ச் சேர வேண்டும் என்று பொதுச் சுகாதாரத்தில் இருப்பவர்கள் ஓயாமல் சொல்கிறோம். ஊசி போட வயது வராத கைக்குழந்தைக்கு மற்றவர்களின் ஊசிதான் கவசம்.

கேள்வி: சளிக்குப் போன முறை வாங்கிய ஆன்டிபயாடிக் நாலு மாத்திரை மிச்சம் இருக்கிறது. போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். சாதாரணச் சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். உங்கள் சளி அதுவாகக் குறையும். உடம்பில் வாழும் பாக்டீரியாக்கள்தான் அந்த நாலு மாத்திரையில் மருந்தைச் சமாளிக்கப் பழகும். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள். மூச்சு வாங்கினாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: இதய நோயாளியான என் அப்பாவை ஒரு மருந்து ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்குக் கொடுக்கும், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கிடைத்துவிட்டால் அவருக்கு நஷ்டம்தானே?

அப்பாமேல் இருக்கும் அக்கறையில் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் புது மருந்து கிடைப்பதே லாபம் என்று நாம் முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறோம்.

மாரடைப்பிலிருந்து தப்பியவர்களுக்கு இடையிடையே இதயம் தப்பித் துடிப்பதுண்டு. அப்படித் துடிப்பவர்கள் திடீரென்று இறப்பதும் அதிகம். ஆகவே அந்தத் துடிப்பை அடக்கினால் உயிர் பிழைக்கும் என்று நம்பி, 1980களில் அமெரிக்காவில் பெரும் எண்ணிக்கையில் மருந்து கொடுத்தார்கள். ஈசிஜியில் கோடு அழகாகச் சீராகிவிடும், மருத்துவருக்கும் திருப்தி. பிறகுதான் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துச் சோதித்தார்கள். எங்கெய்னைடு, ஃபிளெக்கெய்னைடு என்ற இரண்டு மருந்துகளில் ஒன்றைச் சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். சராசரியாகப் பத்து மாதத்துக்குள் இவ்வளவு வித்தியாசம். 1989இல் அந்த மருந்துகளின் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். வெறும் மாத்திரை கிடைத்தவர்கள்தான் அங்கே அதிர்ஷ்டசாலிகள்.

மறுபக்கமும் உண்டு. 1948இல் வெளியான பிரிட்டிஷ் காசநோய் ஆய்வில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் 4 பேர் இறந்தார்கள், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். எந்தப் பக்கம் நல்லது என்று உண்மையிலேயே தெரியாதபோதுதான் இப்படிப் பிரித்துப் பார்ப்பது நியாயம்.

அதனால் பயப்படாமல், ஆனால் கேட்டுவிட்டுச் சேருங்கள். அப்பாவின் வழக்கமான மருந்துகள் தொடருமா? புது மருந்தை எதோடு ஒப்பிடுகிறார்கள்? பக்கவிளைவு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? இரவு பன்னிரண்டு மணிக்கு எந்த எண்ணுக்கு அழைப்பது? ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படிக்க அனுமதிக்காவிட்டால் கையெழுத்து வேண்டாம். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது.

கேள்வி: எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. முன்னெச்சரிக்கையாக உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்துவிடலாமா?

நான் எடுக்க மாட்டேன். தேடினால் ஏதாவது கிடைக்கும், அதில் பலவும் உங்களைக் கடைசி வரை தொந்தரவே செய்யாதவை. தென் கொரியாவில் ஆரோக்கியமானவர்களின் கழுத்தை ஸ்கேன் செய்யும் பழக்கம் பரவியபோது, 2011இல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கானது. அந்த நோயால் இறப்பவர்கள் எண்ணிக்கை மட்டும் குறையவே இல்லை. பல ஆயிரம் பேர் தைராய்டை வெட்டி எடுத்துவிட்டு, ஆயுள் முழுக்க ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

பலன் நிரூபணமான சோதனைகள் இருக்கின்றன: ரத்த அழுத்தம், வயதுக்கேற்ப சர்க்கரை, பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. கடைசியாக ரத்த அழுத்தம் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.