நடுக்கடலில் நின்ற இன்ஜின்: வள்ளக்காரர் நுகர்வோர் ஆவாரா?

கேள்வி: தொண்டி அருகே ஒரு கடற்கரைக் கிராமத்தில் வசிக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் என் ஃபைபர் வள்ளத்துக்கு ரூ.2,10,000 கொடுத்து, ஓராண்டு வாரண்டியுடன் புதிய அவுட்போர்டு இன்ஜின் (வள்ளத்தின் பின்புறம் வெளியே மாட்டுவது) வாங்கினேன். இருமுறை சூடேறி நின்றபோது விற்பனையாளரே பழுது பார்த்தார். மூன்றாம் முறை நடுக்கடலில் நின்றது. பாய் விரித்துத் திரும்புகையில் பாய்மரமும் முறிந்தது. என்னையும் என்னோடு வள்ளத்தில் உதவியாளர்களாக வந்த இருவரையும் வேறொரு வள்ளத்தார் கட்டி இழுத்து வந்தார்கள். 'மணல் புகுந்ததால் வாரண்டி கிடையாது; தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியாது' என்கிறார் விற்பனையாளர். என்ன செய்யலாம்?

பதில்: சாலையில் வண்டி நிற்பதும் கடலில் இன்ஜின் நிற்பதும் ஒன்றல்ல. மூவரும் கரை சேர்ந்தது பெரும் நிம்மதி. விற்பனையாளர் சொல்லும் இரண்டாவது காரணம் உங்களைப் பொறுத்தவரை சரியல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை விலக்குகிறது என்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல், பிழைப்புக்காகத் தாமே ஓட்ட ஆட்டோ வாங்குபவர் நுகர்வோரே என்றும், அதை இயக்க ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் அவர் அந்தத் தகுதியை இழப்பதில்லை என்றும் விளக்கியது. நீங்களே கடலுக்குப் போகிறீர்கள்; உடன் வருபவர்கள் இருவர். பல வள்ளங்களை ஆள் வைத்து ஓட்டிக் கரையில் இருந்தபடி வருமானம் பார்ப்பவராக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ஆகவே வள்ளத்தின் பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், மீனவர் அடையாள அட்டை ஆகியவற்றை மனுவுடன் இணைத்து, இதுவே உங்கள் பிழைப்பு என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

வழக்கின் உயிர் 'மணல் புகுந்தது' என்ற வாதத்தில்தான் இருக்கிறது, ஏனெனில் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு முதலில் உங்களுடையது. நீங்கள் அனுப்பிய படத்தில், இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரம்) மூன்று இறகுகள் அடியோடு கிழிந்திருக்கின்றன. மணல் அரைத்திருந்தால் பம்பு உறையின் உட்சுவரில் கீறல் தடங்கள் இருக்க வேண்டும். முந்தைய பழுதின்போது கிழிந்த துண்டுகளை நீர்ப்பாதையிலிருந்து எடுக்காமல் விட்டிருந்தால், புதிய இம்பெல்லர் போட்டாலும் இன்ஜின் மீண்டும் சூடேறும். எது நடந்தது என்பதை வல்லுநர்தான் சொல்ல வேண்டும். அதுவரை இன்ஜினை விற்பனையாளரிடம் ஒப்படைக்காதீர்கள். கழற்றிய இம்பெல்லரையும் உறையையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். பிரிவு 38-இன்படி பொருளைத் தகுந்த ஆய்வகத்தின் சோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கலாம். அதற்கான கட்டணத்தை நீங்கள் செலுத்த நேரலாம். முதல் இரு பழுதுகளுக்கும் தந்த வேலைச் சீட்டுகள் மிக முக்கியம். அவை இரண்டிலும் 'சூடேறுதல்' என்ற ஒரே குறை எழுதப்பட்டிருந்தால், மணல் வாதத்துக்கு வலு குறையும்.

மீன்பிடிக்கத்தான் வாங்குகிறேன் என்று சொல்லி, விற்பனையாளரின் யோசனையை நம்பி இந்த இன்ஜினைத் தேர்ந்தெடுத்திருந்தால், சொன்ன நோக்கத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்னும் சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் பிரிவு 16-ஐயும் நீங்கள் துணைக்கு எடுக்கலாம்.

விற்பனையாளரையும் தயாரிப்பாளரையும் சேர்த்தே எதிர்மனுதாரர்களாக்குங்கள். இன்ஜினை மாற்றித் தருதல் அல்லது விலையைத் திருப்புதல், முறிந்த பாய்மரத்தின் செலவு, இழுத்து வந்த வள்ளத்துக்குக் கொடுத்த தொகை, இழந்த மீன்பாடு, மனவேதனை ஆகியவற்றுக்கு இழப்பீடு கேட்கலாம். இழுத்து வந்தவரிடம் தேதி, தொகை, நடந்தது ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர்தான் உங்கள் சிறந்த சாட்சி. மீன்பாட்டு இழப்புக்கு முந்தைய மாதங்களின் மீன் ஏல ரசீதுகள் வேண்டும். வெறும் மதிப்பீட்டை ஆணையம் அப்படியே ஏற்காது.

விற்பனையாளரின் கடை வெளி மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்தை வைத்து ராமநாதபுரம் மாவட்ட ஆணையத்திலேயே மனு செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுக் கட்டணம் இல்லை. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆனால் வாரண்டி முடிய இன்னும் நான்கு மாதங்களே இருப்பதால், எழுத்துப்பூர்வமான புகாரை இந்த வாரமே சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பிவிடுங்கள்.