வேட்டிக்கு அளந்த வெளிச்சம்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்களையும், பங்குனி சித்திரையில் எங்கள் பக்கம் நடக்கும் பாரதக் கூத்தையும் ஃபிலிமில் எடுத்துவருகிறேன். ஃப்ளாஷ் போடுவதில்லை. கலர் நெகட்டிவில் கோடக் போர்ட்ரா 400 போதுமா, 800 வேண்டுமா, சினிஸ்டில் 800டி நல்லதா? எங்கள் மக்கள் கறுப்பு என்பதால் முகங்கள் இருண்டு, புள்ளி புள்ளியாக வருகின்றன.

வாசகர், குடியாத்தம்

அன்புள்ள தம்பி,

ஃப்ளாஷ் போடுவதில்லை என்று படித்ததும் மனசு நிறைந்தது. விடிய விடிய ஆடுகிறவர் முகத்தில் பளீரென்று அடித்தால் அரிதாரம்தான் மிஞ்சும், ஆள் மிஞ்சமாட்டார்.

திண்ணை வெளிச்சத்துக்கு 400, ராத்திரிக்கு 800. எண் கூடக்கூடக் குறைந்த வெளிச்சத்திலும் ஃபிலிம் பிடிக்கும். சினிஸ்டில் என்பது கோடக்கின் சினிமா ஃபிலிமான விஷன்3 500டி, பின்பக்கக் கறுப்புப் பூச்சை எடுத்துவிட்டு விற்பது. மஞ்சள் பல்புக்குப் பொருந்தும். இப்போது கூத்து மேடையில் கட்டுகிற வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் பாயும், விளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையமும் விழும். பிடித்திருந்தால் வாங்குங்கள்.

ஆனால் அந்தக் கடைசி வரி! ‘எங்கள் மக்கள் கறுப்பு என்பதால்’ என்று எழுத எப்படி மனசு வந்தது? பீடி சுற்றுகிற அக்காவின் நிறம் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது? வெளிச்சம் அளக்கிற உங்கள் மீட்டர் எங்கே பார்த்தது, அதைச் சொல்லுங்கள் முதலில். மீட்டருக்கு மனுஷர் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டியைக் காட்டினால் வேட்டி சாம்பல், பக்கத்து முகம் கரி. கலர் நெகட்டிவ் வெளிச்சம் கூடினால் தாங்கும், குறைந்தால் தாங்காது. உங்கள் புள்ளிகள் அங்கேதான் கிளம்புகின்றன. கறுத்த முகத்திலேயே அளந்து பாருங்கள், மீட்டர் தானாகவே கூடுதலாகக் கொடுக்கும். பகலில் 400 ஃபிலிமுக்கு மீட்டரில் 200 என்று வைத்தும் எடுக்கலாம், இரட்டை வெளிச்சம் கிடைக்கும்.

நிறம் சரிபார்க்கக் கோடக் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் பல காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். ஷெர்லி அட்டை என்பார்கள். சாக்லேட்டும் மரச்சாமானும் விற்கிற கம்பெனிகள் ‘எங்கள் பழுப்பு சரியாக வரவில்லை’ என்று முறையிட்ட பிறகுதான் கோடக் அசைந்தது என்று அங்கே வேலை பார்த்தவரே சொல்லியிருக்கிறார். நாற்காலி கேட்டுக் கிடைத்த நியாயம், தம்பி!

வேலூரில் ஒரு ஸ்டுடியோவில் என் அத்தையின் படத்தைப் பிரிண்ட் போடக் கொடுத்திருந்தேன். கொல்லைமேட்டில் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தவள். “கொஞ்சம் கலர் ஏத்திட்டேன் சார்” என்று ரோஸ் நிறத்தில் ஒருத்தியைக் கையில் கொடுத்தார் கடைக்காரர். அத்தை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “யார்றா இந்தப் பொம்பள?”

லேபில் கொடுக்கும்போது உறைமேல் பெரிதாக எழுதுங்கள்: முகத்தை வெளுக்க வேண்டாம். ஸ்கேன் போடுகிற பையனிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள், உறையை அவர்கள் படிப்பதில்லை. அடுத்த ரோல் வந்ததும் பிரிண்ட்டை அந்த அக்காக்களிடம் காட்டி, என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். 400-ஆ 800-ஆ என்பதை அப்புறம் பேசலாம்.