பெட்ரோல், தின்னர், டீசல்: வேலையிடத்துக் கேள்விகளும் பதில்களும்

எரிபொருள் கிடங்குகளில் நெடுநாள் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். எரிவது திரவத்தின் மேல் நிற்கும் ஆவிதான். அது காற்றைவிடக் கனம், பெட்ரோல் ஆவி என்றால் மூன்று நான்கு மடங்கு. அதனால் தரையோடு ஊர்ந்து பள்ளம் தேடிப் போகும். தூரத்தில் ஒரு பொறி கிடைத்தால் அங்கே பற்றி, வந்த வழியே திரும்பி ஓடிவரும்.

சார், வண்டியின் டேங்கைக் கழற்றும்போது சர்வீஸ் குழிக்குள் நின்றுதான் பெட்ரோலை வடிக்கிறோம். வெளிச்சத்துக்கு ஒயர் போட்ட குண்டு பல்பு. இதில் தப்பு இருக்கிறதா?

இரண்டுமே தப்பு. குழி என்பது ஆவி தேங்குவதற்கென்றே வெட்டியது போன்ற இடம். வடிக்கும் வேலையைச் சமதளத்தில், காற்றோட்டமான இடத்தில், கைப்பம்பும் மூடிய கலனும் வைத்துச் செய்யுங்கள். குண்டு பல்பு கை தவறி விழுந்து கண்ணாடி உடைந்தால், உள்ளே இருக்கும் கம்பி அணைவதற்கு முன் ஒரு கணம் செக்கச்செவேலென்று வெளியே நிற்கும். அந்த ஒரு கணமே போதும். ஆவி சூழலுக்கென்று செய்த ஃபிளேம்ப்ரூஃப் விளக்கு வாங்குங்கள். பேட்டரி ஒயரை டேங்கைத் தொடும் முன்பே கழற்றிவிடுங்கள். வடிக்கும் நடுவில் கழற்றினால் அதுவே ஸ்பார்க்.

ஸ்ப்ரே பெயின்ட் அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் கூரையை ஒட்டி இருக்கிறது. போதுமா?

தின்னர் ஆவி தரையில் கிடக்கும், ஃபேன் மேலே இருக்கிற நல்ல காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். உறிஞ்சும் வாய் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் வரட்டும், எதிர்ச் சுவரிலிருந்து புதுக்காற்று வரட்டும். அப்புறம் மோட்டார். சாதாரண மோட்டாரை ஆவி போகும் பாதையில் வைத்தால், ஆவியை நீங்களே பொறிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். அதுவும் ஃபிளேம்ப்ரூஃபாக இருக்க வேண்டும்.

காலி டிரம்மைப் பாதியாக வெட்டித் தொட்டி செய்யக் கேட்கிறார்கள். உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை, வாசனையும் இல்லை. கேஸ் கட்டர் வைக்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. நிறைந்த டிரம்மைவிட எனக்குக் காலி டிரம்மைக் கண்டால்தான் பயம். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் பற்றாது. 7.6 சதவீதத்துக்கு மேல் போனாலும் பற்றாது, காற்று போதாது. நிறைந்த டிரம்மில் திரவத்துக்கு மேலே இருக்கும் இடைவெளியில் ஆவி பெரும்பாலும் இந்த மேல் வரம்பைத் தாண்டித்தான் நிற்கும். காலி செய்யும்போதுதான் காற்று உள்ளே நுழைந்து கலவை சரியான அளவுக்கு வருகிறது.

எவ்வளவு பெட்ரோல் மிச்சமிருந்தால் ஆபத்து என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 லிட்டர் டிரம்மில் 1.4 சதவீதம் என்றால் 2.8 லிட்டர் ஆவி. அதற்குத் தேவையான திரவம் ஏறக்குறைய 12 மில்லி, அதாவது இரண்டு மூன்று டீஸ்பூன். டிரம்மின் அடிவிளிம்பில் தகடு மடித்த இடுக்கு இருக்கிறதல்லவா, கவிழ்த்து வைத்தாலும் அவ்வளவு அங்கே தங்கிவிடும்.

“இதில் டீசல்தான் இருந்தது” என்றும் சமாதானம் சொல்வார்கள். கட்டரின் சூட்டில் அடியில் ஒட்டிய கசடு ஆவியாகும், வெட்டிக்கொண்டிருக்கும்போதே கலவை தயாராகிவிடும். தண்ணீரில் அலசினேன் என்பதும் போதாது. டிரம் மறுசீரமைப்புச் செய்பவர்களிடம் கொடுத்துவிட்டு, தொட்டிக்குப் புதுத் தகடு வாங்கச் சொல்லுங்கள்.

டிரம்மிலிருந்து கேனுக்கு ஊற்றும்போது எர்த் ஒயர் மாட்டச் சொல்கிறார்கள். அங்கே கரண்டே இல்லையே?

இருக்கிறது. பெட்ரோல், ஹெக்ஸேன் என்ற கரைப்பான் போன்றவை மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது. குழாயில் உரசி ஓடும்போதும், உயரத்திலிருந்து விழுந்து சிதறும்போதும் நிலைமின்சாரம் சேர்கிறது, சேர்ந்தது வடிய வழியில்லாமல் நிற்கிறது. பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் நாலில் ஒரு பங்குச் சக்தி போதும். கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் சுரீர் என்கிறதே, அதிலேயே அதைப்போல் பல மடங்கு இருக்கும்.

அதனால் டிரம்மையும் கேனையும் ஒரு ஒயரால் இணைக்க வேண்டும், டிரம்மிலிருந்து இன்னொரு ஒயர் எர்த்துக்குப் போக வேண்டும். மூடி திறக்கும் முன் மாட்டி, மூடிய பின்பே கழற்ற வேண்டும்.

ஆய்வுக்குப் போகிற இடத்தில் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்த ஒயரின் முனையில் இருக்கும் கிளிப்பைத்தான். டிரம் விளிம்பில் அழகாக மாட்டியிருப்பார்கள். கழற்றிப் பார்த்தால் பெயின்டில் பல் தடம்கூட விழுந்திருக்காது. பெயின்டின் மேல் கவ்விய கிளிப்பும் ஒன்றுதான், மாட்டாத கிளிப்பும் ஒன்றுதான். பல் பெயின்டைக் கிழித்து வெறும் இரும்பைக் கடிக்க வேண்டும். ஊற்றும் குழாய் கேனின் அடிவரை இறங்கட்டும், முனை திரவத்தில் மூழ்கும்வரை மெதுவாக விடுங்கள்.

பிளாஸ்டிக் கேனில் கிளிப்பை எங்கே மாட்டுவது?

எங்கே மாட்டினாலும் பயனில்லை. வேலையிடத்துக்கு உலோகப் பாதுகாப்பு கேன்தான் என் சிபாரிசு. தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் மூடியும், வாயில் தீயைத் தடுக்கும் வலையும் இருக்கும். எரிபொருளுக்கென்று அங்கீகரித்த பிளாஸ்டிக் கேன்தான் கையில் இருக்கிறது என்றால், வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, முனை வாய் விளிம்பைத் தொட்டபடி நிரப்புங்கள். வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்து நிரப்பவே கூடாது.

பெட்ரோல் போடும்போது செல்போன் பேசினால் தீப்பிடிக்குமா?

போனின் அலையால் பற்றுவது நடைமுறையில் அநேகமாக இல்லாத ஒன்று. அமெரிக்காவின் பெட்ரோலியம் எக்விப்மென்ட் இன்ஸ்டிடியூட் இப்படிப்பட்ட சம்பவங்களைத் திரட்டிப் பார்த்தபோது, நிலைமின்சாரம்தான் பெரிதாகத் தெரிந்தது. நிரப்பும் நடுவில் காருக்குள் போய் உட்கார்ந்து, இருக்கையில் உரசி எழுந்து வந்து நாசிலைத் தொட்டவர்கள் பலர். ஆனாலும் ஆவி சூழும் இடத்தில் சாதாரண போன் வேண்டாம் என்ற விதியை எடுக்கச் சொல்ல மாட்டேன். கீழே விழுந்து உடைகிற பேட்டரி ஒரு காரணம், பேசுகிறவரின் கவனம் இன்னொன்று.

டீசலில் தீக்குச்சி போட்டால் அணைந்துவிடுகிறதே, அப்படியானால் பயமில்லைதானே?

தீக்குச்சி போட்டுப் பார்க்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். பற்றுமளவுக்கு ஆவி கொடுக்கத் தொடங்கும் வெப்பநிலையை ஃபிளாஷ் பாயிண்ட் என்கிறோம். பெட்ரோலுக்கு அது சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ், டீசலுக்குப் பெரும்பாலும் 50க்கு மேல். குளிர்ந்த டீசல் அடக்கமாக இருப்பது அதனால்தான். அதே டீசல் குழாய் வெடிப்பில் புகைபோலப் பீய்ச்சி அடித்தால் கதை வேறு. பொறியே இல்லாமல் சூடான பரப்பில் பட்டுத் தானாகப் பற்றும் விஷயத்தில் டீசல் பெட்ரோலை முந்திவிடும், சுமார் 210 டிகிரியே போதும். ஓடும் இன்ஜினின் டர்போ அதைவிடச் சூடு. இன்னொன்று, டீசலில் கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலே ஃபிளாஷ் பாயிண்ட் தடாலென்று இறங்கிவிடும். பெட்ரோல் இருந்த கலனில் டீசல் ஊற்றுவதும் அதே காரணத்தால் வம்பு.

ஆய்வகத்தில் பெட்ரோலியம் ஈதர் என்ற கரைப்பானைச் சாதாரண ஃபிரிட்ஜில் வைக்கிறோம். குளிர்ந்தால் பாதுகாப்புதானே?

ஹெக்ஸேனுக்கே ஃபிளாஷ் பாயிண்ட் மைனஸ் 22. பெட்ரோலியம் ஈதர் அதைவிட எளிதில் ஆவியாகும். ஃபிரிட்ஜின் 4 டிகிரி அதற்கு ஒரு பொருட்டே அல்ல. மூடிய பெட்டிக்குள் ஆவி சேரும், உள்ளேயே தெர்மோஸ்டாட்டும் விளக்கு சுவிட்சும் பொறி தரும். ஆவி சேர்ந்தாலும் பற்றாதபடி உட்புறத்தில் பொறியில்லாமல் செய்த ஆய்வக ஃபிரிட்ஜ் கிடைக்கிறது. அது வரும்வரை தீத்தடுப்பு அலமாரியில் வையுங்கள்.

எண்ணெய்த் துணி குவிந்தால் தானாகவே பற்றும் என்கிறார்களே?

ஆளி விதை எண்ணெய் போலக் காய்ந்து இறுகும் எண்ணெய்களில் அது நடக்கும். பெட்ரோல், டீசல் துணிகள் அப்படிச் சூடேறாது, ஆனால் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். எதுவானாலும் மூடியுள்ள உலோகத் தொட்டியில் போட்டு, அன்றன்றே அப்புறப்படுத்துங்கள்.

கிரீஸ் கையைப் பெட்ரோலில் கழுவுகிறோம். சில சமயம் டியூபில் வாய் வைத்து உறிஞ்சுவதும் உண்டு.

பெட்ரோலில் பென்ஸீன் இருக்கிறது, இரத்தப் புற்றுநோய் தரக்கூடியது என்று நிறுவப்பட்ட பொருள். கை கழுவ மெக்கானிக்குகளுக்கென்றே பசை விற்கிறது. வாயால் உறிஞ்சுவதில் வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் ஆபத்து. சில மில்லி மூச்சுக்குழலில் இறங்கினாலே கடுமையான அழற்சி வரும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மேலே வரும்போது மறுபடி நுரையீரலுக்குள் போகும். உடனே மருத்துவமனை.

கொட்டிய பெட்ரோலைத் தண்ணீர் அடித்துச் சாக்கடையில் தள்ளிவிடலாமா?

1992 ஏப்ரல் 22 அன்று மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் பெட்ரோல் குழாய்க் கசிவு கழிவுநீர்க் குழாய்களுக்குள் இறங்கி, கிலோமீட்டர் கணக்கில் தெருக்களையே பிளந்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குச் சில நாட்களாகவே மக்கள் வாசனை வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மணலோ உறிஞ்சும் பொருளோ போட்டு, பொறி வராத கருவியால் அள்ளி, மூடிய கலனில் வையுங்கள்.

சட்டையெல்லாம் நனைந்துவிட்டால்?

அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள், துணி உரசியே பொறி வரலாம். தீ ஆபத்து உள்ள இடத்தைவிட்டு விலகி, முதலில் தண்ணீரில் நன்றாக நனைத்துக்கொண்டு, அப்புறம் கழற்றுங்கள்.

டிரம்மை விளிம்புவரை நிரப்பலாமா?

கூடாது. 20 டிகிரி சூடு ஏறினால் 200 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 4 லிட்டர் பெருகும். நூற்றுக்கு ஐந்து பங்காவது காலியாக விடுங்கள்.

டேங்குக்குள் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். மீட்டர் “ஆவி இல்லை” என்றால் இறங்கலாமா?

முதலில் ஆக்சிஜனைப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் ஆவி மீட்டர்கள் உள்ளே ஆவியை எரித்துத்தான் அளக்கின்றன. ஆக்சிஜன் குறைந்தால் அவை எரிக்க முடியாமல் பொய்யாகக் குறைத்துக் காட்டும். 19.5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் இறங்கவே கூடாது. மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். கசடைக் கிளறும்போது புதிதாக ஆவி எழும், ஆகவே வேலை முடியும்வரை அளந்துகொண்டே இருங்கள். வெளியே ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் அவர் பின்னாலேயே குதிப்பது அந்தக் காவலரின் வேலை அல்ல.

எந்தத் தீயணைப்பான் வைப்பது?

நுரை அல்லது உலர்தூள். கார்பன் டை ஆக்சைடு அணைக்கும், ஆனால் சூடான உலோகம் பக்கத்தில் இருந்தால் மறுபடி பற்றும். தண்ணீரைப் பீய்ச்சினால் பெட்ரோல் அதன் மேல் மிதந்து அறை முழுக்கப் பரவும். நுரையைத் திரவத்துக்குள் குத்தி அடிக்காமல், பின்சுவரில் பட்டு மெல்ல வழிந்து மூடும்படி அடியுங்கள். தீயணைப்பானை டிரம்முக்குப் பக்கத்தில் மாட்டாமல் வாசலருகே மாட்டுங்கள். உதிரிபாகங்களைப் பெட்ரோலில் கழுவும் தட்டு பற்றினால் மூடியைப் போட்டு மூடிவிட்டு நகருங்கள். எரிகிற தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுபவர்கள்தான் காலிலும் கையிலும் ஊற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு வருகிறார்கள்.