போலீஸ் பயிற்சியில் முகத்தில் பெப்பர் ஸ்ப்ரே அடித்தால் எப்படித் தாங்குவது?

கேட்கப்பட்டது இது: "என் தங்கச்சி கோயமுத்தூர்ல போலீஸ் டிரெயினிங்ல இருக்குதுங்க. அடுத்த வாரம் மூஞ்சியில பெப்பர் ஸ்ப்ரே அடிச்சு, அந்த எரிச்சலோடவே கைவிலங்கு மாட்டிப் பழகோணுமாம். அம்மா பயந்துட்டு, தேங்காண்ணை தடவிட்டுப் போகச் சொல்றாங்க. பால் ஊத்துனா நின்னு போகும்னு பக்கத்து ஊட்ல சொல்றாங்க. நெசமா என்னதாங்க பண்றது?"

முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: அன்றைக்கு முகத்திலோ தலையிலோ ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கூடாது. ஸ்ப்ரேயில் இருப்பது மிளகு இல்லை, மிளகாய். வரமிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் எண்ணெயில் நன்றாகக் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. தோலில் எண்ணெய் இருந்தால் காரம் அதில் ஊறி அங்கேயே தங்கும், வியர்வையோடு பரவவும் செய்யும். ஃபேஸ் க்ரீம், சன்ஸ்கிரீன், மை, பவுடர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். முந்தின நாள் இரவே தலைக்கு ஷாம்பூ போட்டு அலசி, எண்ணெய் வைக்காமல் இறுக்கிப் பின்னிக் கொண்டை போட்டுக்கொள்ளட்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவராக இருந்தால் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். பயிற்சி பெறும் ஆண்கள் அன்று காலையில் சவரம் செய்யக் கூடாது. பிளேடு பட்ட இடமெல்லாம் தனித்தனியாகக் காந்தும்.

இப்படி முகத்தில் அடித்துப் பழக்குவது எல்லாப் பயிற்சிப் பள்ளியிலும் உள்ள வழக்கம் இல்லை. அமெரிக்க போலீஸ் அகாடமிகளில் பரவலாக உண்டு. நெற்றியிலோ கண்ணுக்குக் குறுக்காகவோ ஒரு நொடி அடிப்பார்கள். உடனே குத்துப் பழகும் மெத்தையில் (பேட்) குத்தச் சொல்வார்கள், துப்பாக்கியைப் பிடுங்க வருகிறவரைத் தடுக்கச் சொல்வார்கள், விலங்கு மாட்டச் சொல்வார்கள், வயர்லெஸ்ஸில் பேசச் சொல்வார்கள். கண் தெரியாவிட்டாலும் கை வேலை செய்யும் என்று உடம்புக்குப் புரியவைப்பதுதான் நோக்கம். வீதியில் ஸ்ப்ரே அடிக்கும்போது காற்று திரும்பினால் அடித்தவர் முகத்துக்கும் அது வரும்.

அது என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். நம் நரம்புகளில் சூட்டை உணரும் ஒரு வாயில் இருக்கிறது. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது திறந்து 'சுடுது' என்று மூளைக்குச் சொல்லும். கேப்சைசின் அதே வாயிலைச் சூடு இல்லாமலே திறந்துவிடுகிறது. இதைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆக முகம் வேகவில்லை, வெந்த மாதிரி நரம்பு சொல்கிறது, அவ்வளவுதான். கண் திறக்க முடியாமல் போவதும் பார்வை போனதால் அல்ல. இமைத் தசை தானாக இறுக்கிக்கொள்கிறது. பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 15 நிமிடத்தில் கண் ஓரளவு திறக்கும். 30 முதல் 45 நிமிடத்தில் கடுமை இறங்கிவிடும். தோலின் காந்தல் மட்டும் சில மணி நேரம் இருக்கும்.

பால் விஷயம். காரம் தின்று நாக்கு எரிந்தால் பாலும் மோரும் கேட்கும், உண்மைதான். பாலில் உள்ள புரதம் காரத்தை நாக்கிலிருந்து பிடித்து இழுக்கும். அதைக் கண்ணில் ஊற்றுவது வேறு. பால் கிருமி நீக்கியதில்லை, எரிந்து சிவந்த கண்ணுக்குள் அதை விடுவது தொற்றுக்கு வழி. 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பயிற்சி பெறுபவர்களுக்கு ஸ்ப்ரே அடித்து, வெறும் தண்ணீர், பால், பேபி ஷாம்பூ, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் திரவம், மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் ஜெல் என ஐந்தையும் ஒப்பிட்டார்கள். வலி குறைவதில் ஒன்றுக்கொன்று சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நேரம் போகப் போகத்தான் எல்லோருக்கும் குறைந்தது. அதனால் சுலபமாக, நிறைய, சுத்தமாகக் கிடைக்கிற தண்ணீரையே நம்புங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், எலுமிச்சை, மஞ்சள் தண்ணீர் எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. சானிட்டைசர் முகத்துப் பக்கமே வர வேண்டாம்.

தண்ணீர் என்றால் எவ்வளவு என்று யாரும் யோசிப்பதில்லை, அங்கேதான் ஏற்பாடு சொதப்பும். கண்ணையும் முகத்தையும் 10 முதல் 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். ஓஸில் மெதுவாக விட்டாலே ஆளுக்கு 50 லிட்டர் ஆகிவிடும். முப்பது பேர் கொண்ட குழுவுக்கு 1,500 லிட்டர். இரண்டு பக்கெட்டும் ஒரு மக்கும் வைத்துவிட்டு ஆரம்பித்தால் ஐந்தாவது ஆள் வரும்போது பக்கெட் தண்ணீரே காரமாக இருக்கும். ஒரே பக்கெட்டில் முகத்தை முக்கவே கூடாது, ஓடுகிற தண்ணீர் வேண்டும். இன்னொன்று, மொட்டை மாடியில் இருக்கிற கறுப்பு டேங்க் தண்ணீர். பங்குனி சித்திரையில் மதியம் அந்தத் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். சூடு பட்டால் அதே நரம்பு வாயில் இன்னும் அகலமாகத் திறக்கும், எரிச்சல் இன்னும் கூடுதலாகத் தெரியும். முந்தின இரவே நிழலில் டிரம் நிரப்பி வைத்து, காலை ஆறு ஏழு மணிக்கே பயிற்சியை முடித்துவிடுவது நல்லது. ஈரோடு, கரூர்ப் பக்கம் என்றால் இது இன்னும் முக்கியம்.

பம்புசெட் வேகத்தில் கண்ணுக்கு நேராகத் தண்ணீர் அடிக்கக் கூடாது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, மூக்கு ஓரத்திலிருந்து காது பக்கமாக ஓட விட வேண்டும். அப்போதுதான் ஒரு கண்ணின் காரம் மறு கண்ணுக்குப் போகாது. மருந்துக் கடையில் கிடைக்கும் 500 மில்லி நார்மல் சலைன் பாட்டிலும் டிரிப் ட்யூபும் இருந்தால் கண்ணுக்குள் விட வசதி. பேபி ஷாம்பூ கண்ணுக்குள் விடுவதற்கல்ல. ஒரு மக் தண்ணீரில் சில துளி கலந்து, கண்ணை மூடிக்கொண்டு நெற்றி, புருவம், காது மடல், கழுத்து என்று தேய்க்காமல் தடவிக் கழுவலாம். புருவத்தை விட்டுவிடாதீர்கள். அதில் தங்கிய காரம் வியர்வையோடு திரும்பத் திரும்பக் கண்ணில் இறங்கிக்கொண்டே இருக்கும்.

காற்றும் ஒரு மருந்துதான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்றை கோவைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மாதங்களில் அடிப்பவர் மேற்கே நிற்க வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்கள், தண்ணீர் டிரம், துண்டு, ஆம்புலன்ஸ் எல்லாம் அவருக்கும் மேற்கே இருக்க வேண்டும். கிழக்கே நிற்கிற அத்தனை பேரும் இருமுவார்கள். கழுவி முடித்த பிறகு காற்றுக்கு எதிராக முகத்தைக் காட்டி, நிழலில் நின்று இமைக்க வேண்டும். மூடிய கூடத்தில் இந்தப் பயிற்சி கூடவே கூடாது. 2014 பிப்ரவரியில் மக்களவைக்குள் ஒரு உறுப்பினர் ஸ்ப்ரே அடித்தபோது முகத்தில் நேராக ஸ்ப்ரே படாத உறுப்பினர்களும் இருமிக்கொண்டே வெளியே ஓடியதும், சிலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நினைவிருக்கும்.

அடிக்கிற அந்த நேரம். ஒரு மீட்டருக்குக் குறையாத தூரத்திலிருந்துதான் அடிக்க வேண்டும். நெருங்கி அடித்தால் பீய்ச்சும் வேகமே கருவிழியைக் காயப்படுத்தும். தங்கை கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து நிற்கட்டும். அடித்து முடித்ததும் கண்ணைத் திறக்கச் சொல்வார்கள்; அப்போதுதான் உள்ளே இறங்கும். முதல் சில நொடி 'இவ்வளவுதானா' என்று தோன்றும், நம்ப வேண்டாம், பின்னாலேயே வரும். அதன் பிறகு செய்ய வேண்டியது இமைப்பது. வேகமாக, விடாமல், புருவத்தைத் தூக்கித் தூக்கி இமைக்க வேண்டும். கண்ணீர்தான் உள்ளிருந்து கழுவுகிற தண்ணீர். விரலால் இமையைப் பிரிக்கவோ கண்ணைக் கசக்கவோ கூடாது. எரிச்சல் இருந்தாலும், அந்த நேரம் கருவிழிக்குத் தொடு உணர்ச்சி ஒழுங்காகத் தெரியாது. எவ்வளவு அழுத்திக் கசக்குகிறோம் என்று தெரியாமலே கீறிவிடுவோம். பயிற்சி முடிந்து இரண்டு நாள் கழித்தும் கண் வலித்தால், கசக்கியது காரணமாக இருக்கலாம்.

இமைக்கும்போது அரை நொடி பார்வை கிடைக்கும். அந்த அரை நொடியில் எதிராளி எங்கே, அவர் கை எங்கே என்று பார்த்துக்கொண்டு, மூடிய கண்ணோடு அடுத்த வேலையைச் செய்ய வேண்டும். இதற்கு வீட்டில் பழகலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு இடுப்புப் பட்டையிலிருந்து விலங்கை எடுப்பது, வாளித் தண்ணீருக்குள் முகம் வைத்துக் கண் திறந்து மூடுவது. மிளகாய்த்தூளை வைத்து ஒத்திகை பார்க்கவே வேண்டாம். தூள் மணல் மாதிரி, கருவிழியைக் கிழிக்கும்.

மூச்சு முட்டுவதுதான் பலரைப் பயமுறுத்துவது. தொண்டை கமறி இறுகிய மாதிரி இருக்கும். ஒரு வார்த்தை பேச முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேச்சு வந்தால் மூச்சு போய் வருகிறது என்று அர்த்தம். முன்னால் குனிந்து, சின்னதாக இழுத்து, உதட்டைக் குவித்து நீளமாக விட வேண்டும். மூக்கு கொட்டும், கொட்டட்டும். உறிஞ்சி விழுங்கினால் வயிற்றைப் புரட்டும். காலையில் இரண்டு இட்லி போதும், வெறும் வயிறும் வேண்டாம்.

ஆஸ்துமா, கண் அறுவை சிகிச்சை, கர்ப்பம், இதயக் கோளாறு எது இருந்தாலும் முன்கூட்டியே பயிற்சி மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். 'பேர் கெட்டுப்போகும்' என்று மறைப்பது ஆபத்து. வயதில் மூத்த பயிற்றுநர்களுக்கும் ஒன்று: 'ப்ரில்' என்று முடிகிற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டால் கேப்சைசினுக்கு இருமல் கூடுதலாக வரும்.

தங்கை இதில் கற்றுக்கொண்டு வர வேண்டியது இன்னொன்று இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியம். நாளை அவர் ஒருவர் மீது ஸ்ப்ரே அடித்து விலங்கு மாட்டினால், அந்த ஆளால் தன் கண்ணைத் தானே கழுவ முடியாது. அவரைக் குப்புறப் போட்டு முதுகில் ஏறி உட்காரக் கூடாது. ஏற்கெனவே மூச்சுத் திணறுகிறவருக்கு அது உயிருக்கே ஆபத்து. உட்கார வைத்து, கண் கழுவி, 'கொஞ்ச நேரத்தில் குறையும்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருமல் நிற்காமல் மூச்சு இழுத்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ 108.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு குளியலறையில் காத்திருக்கிறது இரண்டாவது சுற்று. தலையில் காய்ந்திருந்த காரம் தண்ணீர் பட்டதும் கரைந்து உடம்பெல்லாம் இறங்கும், மறைவான இடங்கள் உட்பட. ஹீட்டரைப் போட்டால் கத்த வேண்டியதுதான். துணியைக் கழற்றுவதற்கு முன்பே குனிந்து நின்று, தலைமுடியை முன்பக்கம் தொங்கவிட்டு, பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை ஷாம்பூ போட்டு அலச வேண்டும். பிறகு கையை நன்றாக சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மற்றது. பனியன், டி-ஷர்ட் என்றால் தலை வழியாகக் கழற்றும்போது முகத்தில் மறுபடி பூசும். அதனால் அன்று பொத்தான் வைத்த சட்டைதான் சரி. துணிகளைக் கவரில் கட்டி வந்து தனியாகத் துவைக்க வேண்டும். மூக்குக் கண்ணாடி, செல்போன், ஹெல்மெட் வார், வண்டிச் சாவி எல்லாவற்றையும் சோப்புத் துணியால் துடைக்க வேண்டும். அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம், யாராவது போய்க் கூட்டி வாருங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் குளித்த பிறகுதான் தூக்கலாம்.

மறுநாள் காலையில் கண் லேசாகச் சிவந்திருப்பது சகஜம். வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினாலோ, மண் விழுந்த மாதிரி உறுத்தினாலோ, பார்வை மங்கினாலோ காத்திருக்க வேண்டாம், கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒரு சொட்டு மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கருவிழியில் கீறல் இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள்.

எண்ணெய்க் குளியல், பயிற்சி முடிந்து வரும் முதல் வெள்ளிக்கிழமை வேண்டாம். முடியில் மிச்சம் இருந்தால் எண்ணெய் அதைத் திரும்ப எழுப்பிவிடும். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அம்மா தாராளமாகத் தேய்த்து விடட்டும்.