தோள் அடிக்கடி விலகுகிறது... உடற்பயிற்சி போதாதா?

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. கைப்பந்து ஆடும்போது வலது தோள் மூன்று முறை விலகிவிட்டது. பக்கத்து எலும்பு ஒன்றைத் தசையோடு எடுத்து மூட்டின் முன்னால் பொருத்த வேண்டும் என்கிறார் டாக்டர். ஜிம்முக்குப் போய் தோளை வலுவாக்கினால் போதாதா? நல்ல தசையை ஏன் இடம் மாற்ற வேண்டும்?

பதில்: இரண்டாவது கேள்விதான் அம்மா, எனக்குப் பிடித்தது. அதற்கு வருகிறேன்.

தோள் மூட்டில் மேற்கை எலும்பின் தலையான பந்து பெரியது, அது உட்காரும் குழி சின்னது, ஆழமும் கிடையாது. பந்தின் மூன்றில் ஒரு பங்குகூட ஒரே நேரத்தில் குழியோடு ஒட்டியிருப்பதில்லை. கை நடுநிலையில் இருக்கும்போது எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட்களும் தளர்ந்தே கிடக்கும். அப்போது பந்தைக் குழிக்குள் அழுத்திப் பிடிப்பது ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகள். ஜிம்மில் பையன்கள் வளர்ப்பது வெளியே திரண்டு தெரியும் டெல்டாய்டை. அது பந்தை மேலே இழுக்கும்; நடுவில் நிறுத்துவது கஃப்பின் வேலை. அதில் முன்பக்கக் காவலான சப்ஸ்காபுலாரிஸ் தோள்பட்டை எலும்புக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கண்ணாடியில் தெரியாததால் அதை யாரும் கவனிப்பதில்லை!

சரி, கஃப்புக்கே பயிற்சி கொடுத்தால்? முதல் முறை விலகியபோது நல்ல யோசனை. ஆனால் பந்து முன்பக்கமாக நழுவும்போது குழியின் விளிம்பில் உள்ள லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம் கிழிகிறது. திரும்பத் திரும்ப நழுவினால் விளிம்பு எலும்பே தேய்கிறது. விளிம்பு போன பிறகு தசை எவ்வளவு அழுத்தினாலும் பந்தைத் தடுத்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை. எலும்பு நன்றாக இருந்தால் லேப்ரத்தை மட்டும் துளைவழியாகத் தைத்துவிடலாம். குழியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் போயிருந்தால் தையல் மட்டும் நிற்காது. சி.டி. ஸ்கேனில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேளுங்கள்.

உங்கள் டாக்டர் சொல்வது லத்தார்ஜே சிகிச்சை. 1954-இல் பிரான்ஸில் வந்தது. தோள்பட்டை எலும்பிலிருந்து முன்னால் நீளும் கொராகாய்டு என்ற எலும்பு நுனியை, அதில் ஒட்டிய தசைநாரோடு வெட்டி, சப்ஸ்காபுலாரிஸின் இடையே நுழைத்துக் குழியின் விளிம்பில் திருகாணியால் பொருத்துவோம். எலும்பு குழியை அகலமாக்கும். ஆனால் அதோடு வரும் தசைநார்தான் கெட்டிக்காரன். கைப்பந்தை அடிக்கக் கையை ஓங்கிப் பின்னால் கொண்டுபோகும்போது, அதாவது தோள் நழுவும் அதே நிலையில், அது மூட்டுப் பந்தின் முன்னும் கீழும் குறுக்கே இறுகித் தாங்குகிறது. இடம் மாற்றுவது இதற்காகத்தான். இடம் மாறுவதில் முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசையின் குட்டைத் தலையும் உண்டு; நீளத் தலை அதன் இடத்திலேயே இருப்பதால் முழங்கை மடக்குவதில் பெரிய குறை வராது.

சப்ஸ்காபுலாரிஸைக் குறுக்கே வெட்டுவாரா, இழை வாக்கில் பிரிப்பாரா என்றும் கேட்டுவிடுங்கள். பிரித்தால் தசையின் வலு அதிகம் மிஞ்சும். முன்பெல்லாம் இதே தசையை மடித்துச் சுருக்கித் தைப்பார்கள். தோள் விலகாதுதான், கையை வெளிப்பக்கம் திருப்பவும் முடியாது, பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வேறு. அது வழக்கொழிந்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

கஃப் பயிற்சி வீணில்லை. அறுவைக்குப் பின் பிசியோதெரபியில் அதுதான் பாதி வேலை. கைப்பந்தை ஓங்கி அடிக்க மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். அதுவரை ஜிம்மில் பெஞ்ச் பிரஸ் வேண்டாம் என்று பையனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.