வாசகர் கேள்விகள்: வாய்க்குள் படித்த வாய்ப்பாடு

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, கோவை சிங்காநல்லூரில், சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய மில் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்தவன் நான் என்று எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இந்த முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில்.

"சங்குச் சத்தத்தைக் கேட்டுத்தான் எழுந்திருப்போம் என்று எழுதியிருந்தீர்கள். என் மகள் கோயில் சங்கா என்று கேட்கிறாள். என்ன சொல்வது?"
— ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

மில் சங்கு என்று சொல்லுங்கள். ஷிப்டு மாறும்போது மில்லில் ஊதும் சைரனுக்குக் கோவையில் அதுதான் பெயர். எங்கள் மில்லில் காலை 7 மணிக்குப் பகல் ஷிப்டு, மாலை 3.30-க்கு அரை நைட்டு, இரவு 12-க்கு முழு நைட்டு. சுற்றிலும் பல மில்கள். ஒவ்வொன்றின் சங்கும் ஒவ்வொரு குரலில், சில நொடிகள் முன்னே பின்னே ஊதும். எது எந்த மில் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவோம். எங்கள் லைனில் பாதி வீடுகளில் கடிகாரம் கிடையாது. அது இல்லாத குறையும் தெரிந்ததில்லை.

3.30 சங்கு ஊதும்போது பள்ளிக்கூடத்தில் கடைசிக்கு முந்தைய பீரியட் நடக்கும். சத்தத்தில் வாத்தியார் பேசுவது காதில் விழாது. எங்கள் கணக்கு சார் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சங்கு ஊதப்போகிற நேரம் பார்த்து, பலகையில் ஒரு பெருக்கல் கணக்கை எழுதிவிட்டுச் சும்மா நிற்பார். சங்கு அடங்குவதற்குள் விடை கண்டுபிடித்தவன் கையைத் தூக்க வேண்டும். பள்ளியில் எனக்குக் கிடைத்த முதல் பெருமை அந்தச் சங்குக்குள் கிடைத்ததுதான்.

"கோவையில் மட்டும் அத்தனை மில்கள் எப்படி வந்தன?"
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

சுற்று வட்டாரத்தில் பருத்தி விளைகிற கரிசல் மண். 1888-இல் ஆரம்பித்த கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்தான் முன்னோடி. ஊர்க்காரர்கள் வாயில் அது ஸ்டேன்ஸ் மில். பிறகு 1932-இல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. கரண்ட் வந்தபின் மில்கள் மளமளவென்று பெருகின. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றையும் பெரியவர்கள் காரணமாகச் சொல்வார்கள். காற்று ரொம்பக் காய்ந்திருந்தால் நூல் அடிக்கடி அறுந்துபோகும் என்பது மில்லில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

"நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் வாய்விட்டுப் படிக்கவே மாட்டேன் என்கிறான். உதடு மட்டும் அசைகிறது. பரீட்சையில் எழுதிவிடுகிறான். அவன் அப்பா பனியன் கம்பெனியில் இரவு வேலை. பயமா, பேச்சில் ஏதாவது கோளாறா? உங்கள் அனுபவத்தில் இப்படி உண்டா?"
— ஒரு ஆசிரியை, திருப்பூர்

டீச்சர், உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அந்தப் பையனாக நானே இருந்திருக்கிறேன்.

எங்கள் லைனில் 12 வீடுகள். வீட்டுக்கு ஒரு முன்னறை, ஒரு சமையல் மூலை, எல்லோருக்கும் பொதுவில் ஒரு வாசல். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் கேட்கும். மூன்று ஷிப்டும் ஓடியதால், எந்த நேரமானாலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். காலையில் முழு நைட்டு முடித்து வந்தவர், மதியத்தில் அரை நைட்டுக்குப் போக வேண்டியவர், சாயங்காலம் பகல் ஷிப்டு முடித்து அசந்து கிடப்பவர். எட்டு மணி நேரம் நின்றும் நடந்தும் வந்த மனிதரின் தூக்கத்தைக் கலைப்பது எங்கள் லைனில் பெரிய தப்பு. திருடுவதற்கு அடுத்தபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து சுவரில் பட்டால் எந்த அம்மாவின் கையாலும் அடி விழும். அவரவர் அம்மாவாக இருக்க வேண்டியதில்லை.

அதனால் வாய்ப்பாட்டை நாங்கள் வாய்க்குள்ளேயே படித்தோம். செய்யுளும் அப்படித்தான். இரண்டாம் வகுப்பிலிருந்தே பழகிய வழக்கம். பள்ளியில் எழுப்பிச் சொல்லச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஐந்தாம் வகுப்பில் ஒரு டீச்சர் நான் திமிர் பிடித்தவன் என்று முடிவே கட்டிவிட்டார். அப்புறம் கணக்கு சார்தான் ஒரு நாள் மாலை விசாரிக்க எங்கள் லைனுக்கு வந்தார். வாசலில் நின்று என் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். அம்மா சமையல் மூலையிலிருந்து ஓடிவந்து, வணக்கம் கூடச் சொல்லாமல், "ஏனுங்க சார், பக்கத்து ஊட்டுக்காரரு இப்பத்தான் படுத்தாருங்க. கொஞ்சம் மெல்லப் பேசுங்க" என்றார். சார் ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நடந்து உள்ளே வந்தார். விசாரணை என்று எதுவும் நடக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த நாளிலிருந்து லைன் வீட்டுப் பையன்களை, முதல் மணி அடிப்பதற்கு அரை மணி முன்னால் வரச் சொன்னார். மைதானத்து ஓரத்தில் ஒரு புளியமரம். "இங்கே யாரும் தூங்கவில்லை, கத்துங்கடா" என்றார். முதல் வாரம் எங்களுக்கு வெட்கம். இரண்டாம் வாரம் 16-ஆம் வாய்ப்பாடு ரோடு வரை கேட்டது. பின்னாளில் நானும் கணக்கு வாத்தியாராகி 31 வருடம் வகுப்பில் உரக்கப் பேசிப் பிழைத்தேன் என்றால், அந்தப் புளியமரத்தடிதான் காரணம்.

உங்கள் பையனுக்கும் கோளாறு இருக்காது என்றே நினைக்கிறேன். எதற்கும் காதையும் பேச்சையும் ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், அது தனி. ஆனால் முதலில் அவன் வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். பகலில் போங்கள்.

"பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு?"
— ஒரு வாசகர், கரூர்

மஞ்சள் மக்காச்சோள உப்புமா. அலுமினியத் தட்டில். எண்ணெய் வாசம் இன்னும் நினைவிருக்கிறது. பசித்த வயிற்றுக்கு அது அமிர்தம், இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

"அதெல்லாம் பொற்காலம் இல்லையா ஐயா? மில்லை நம்பி ஊரே நிம்மதியாக இருந்ததே!"
— ஒரு வாசகர், சென்னை

நிம்மதி இருந்தது, மறுக்கவில்லை. சம்பளத் தேதி தெரியும். தீபாவளிக்குப் போனஸ் வரும், லைன் முழுக்க ஒரே கடையில் எடுத்த துணி மினுங்கும். ஆனால் பொற்காலம் என்று என்னால் எழுத முடியாது.

என் அப்பா ஸ்பின்னிங்கில் சைடர். வரிசையாக ஓடும், நூல் சுற்றும் கதிர்களுக்கு நடுவே நடந்துகொண்டே, அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது புருவத்தில், காது மடலில், சட்டைக் காலரில் பஞ்சு. சின்ன வயதில் அதை ஊதி விளையாடியிருக்கிறேன். எங்கள் மில்லுக்குப் புதன்கிழமை வார லீவு. வியாழக்கிழமை வேலைக்குப் போய் வந்தால் அப்பாவுக்கு நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். வெள்ளி, சனி கொஞ்சம் தணியும். அடுத்த வியாழன் மறுபடி. அம்மா ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார். பஞ்சை வெல்லம் இழுத்துவிடும் என்று மில்லில் எல்லோரும் நம்பினார்கள். அப்பாவும் வாயில் அடக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பார்.

பஞ்சுத் தூசியால் வரும் அந்த நோய்க்குப் பைசினோசிஸ் என்று பெயர் உண்டு என்பதும், லீவு முடிந்து திரும்புகிற முதல் நாள் மோசமாவது அதன் அடையாளம் என்பதும், நான் வாத்தியாரான பிறகு ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்தது. புத்தகத்தில் திங்கட்கிழமை நோய் என்று போட்டிருக்கிறது என்றார். எங்கள் வீட்டில் அது வியாழக்கிழமை வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குள் அப்பாவின் நுரையீரல் பாதி போயிருந்தது. மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணி கூட மில்லில் கொடுத்ததில்லை. என் படிப்புச் செலவை நினைக்கும்போதெல்லாம் அந்த வியாழக்கிழமைகள்தான் கண்ணில் வருகின்றன. நீங்களும் அந்தக் காலத்தைப் பேசும்போது தயவுசெய்து அவற்றையும் சேர்த்துப் பேசுங்கள்.

"பாடப் புத்தகத்தில் இல்லாத, தெருவில் கற்ற வரலாறு ஏதாவது?"
— ஒரு கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

சின்னியம்பாளையம் தியாகிகள். ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்களான ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் பெயர்களை அப்பா எனக்கு விரல் விட்டுச் சொல்லிக் கொடுத்தார். ஜனவரி 8 வந்தால் செங்கொடிகளோடு ஆட்கள் திரளாகப் போவார்கள். அப்பா பேசாமல் நின்று கும்பிடுவார். எனக்கு அப்போது புரிந்ததெல்லாம், இந்த நாலு பேரும் எங்களைப் போன்ற வீட்டிலிருந்து போனவர்கள் என்பதுதான். தம்பி, கோவைத் தொழிற்சங்க வரலாற்றைத் தேடிப் படியுங்கள். சுதந்திரம் வருவதற்கு ஒன்றரை வருடம் முன்னால் நடந்தது இது.

"பள்ளிக்கூடம் விட்டதும் என்ன விளையாடுவீர்கள்?"
— ஒரு வாசகி, மேட்டுப்பாளையம்

விளையாட்டு கொஞ்சம்தான் அம்மா. அப்பாவுக்கு அரை நைட்டு என்றால் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோக வேண்டும். மில் கேட்டில் நீள பெஞ்சு போட்டிருப்பார்கள், அதில் ஐம்பது அறுபது போசிகள் வரிசையாக இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி. அம்மா எங்கள் போசியின் பிடியில் பழைய சேலையின் சிவப்புக் கரையைக் கிழித்துச் சுற்றியிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அப்பா வெளியே வந்து, அந்தச் சிவப்பைப் பார்த்து எடுப்பதை, எதிரே டீக்கடை ஓரம் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். அங்கே இருக்கிற விளக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும். வீட்டுப்பாடத்தையும் பல நாள் அங்கேயே முடித்திருக்கிறேன்.

"40-ஆம் நம்பர் நூல், 60-ஆம் நம்பர் நூல் என்கிறார்களே, அந்த நம்பர் என்ன?"
— எட்டாம் வகுப்பு மாணவி, சூலூர்

கண்ணு, இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் வாத்தியார் இல்லை, என் அப்பா. ஒரு சிட்டம் நூல் என்பது 840 கெஜம் நீளம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நம்பர். 40 சிட்டம் வந்தால் 40-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசாகும்.

சரி, கணக்குப் போடுவோம். 40-ஐ 840-ஆல் பெருக்கினால் 33,600 கெஜம். ஒரு கெஜம் 0.9144 மீட்டர். ஆக, ஏறக்குறைய 30.7 கிலோமீட்டர். அரைக் கிலோவுக்கும் குறைவான பஞ்சு, இழையாக நீண்டால் சிங்காநல்லூரிலிருந்து திருச்சி ரோட்டில் பல்லடம் வரை போய்விடும். நான் ஆறாவது படிக்கும்போது அப்பா இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் ஒரு நாளைக்கு எத்தனை பல்லடம் போறேன் பார்த்தியா?" என்று சிரித்தார்.

60-ஆம் நம்பருக்கு நீ போட்டு அனுப்பு. விடையை மட்டும் எழுதாதே, வழியையும் காட்டு.