டியூக் ஸ்லேட்டர்: ஹெல்மெட் இல்லாமல் ஆடிய லைன்மேன் - கேள்வி பதில்

1920-களில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிய டியூக் ஸ்லேட்டரைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். பல வருடங்களாக எனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர் இவர்.

சார், லைன்மேன் பந்தைத் தொடுவதே அபூர்வம். அப்புறம் எதை வைத்து இவரைப் பெரிய ஆள் என்கிறீர்கள்?

பின்னால் பந்தோடு ஓடி வருபவருக்கு வழி திறந்துவிடுவதுதான் லைன்மேன் வேலை. 1929 நவம்பர் 28 அன்று சிகாகோ கார்டினல்ஸ் அணி 40-6 என்று பேர்ஸ் அணியை வென்றது. அந்த 40 புள்ளிகளையும் எடுத்தவர் ஒரே ஆள், எர்னி நெவர்ஸ். அவருக்கு முன்னால் எதிராளிகளைத் தள்ளி நிறுத்திய வரிசையில் ஸ்லேட்டர் இருந்தார். புள்ளிப்பட்டியலில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. அதனால்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஹெல்மெட் போட மாட்டாராமே, நிஜமா அண்ணா?

நிஜம்தான் தம்பி. அப்பா தேவாலயப் போதகர், வீட்டில் வசதி குறைவு. அயோவா மாநிலம் கிளின்டனில் பள்ளி அணியில் சேர்ந்தபோது ஷூ, ஹெல்மெட் இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்ற நிலை. பாதம் ரொம்பப் பெரிது, அதனால் ஷூவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்படியே பழகிவிட்டது. 1921-ல் அவர் ஆடிய அயோவா பல்கலைக்கழக அணி 10-7 என்று நோட்டர்டேம் பல்கலைக்கழக அணியை வீழ்த்தி, அவர்களுடைய 20 ஆட்டத் தொடர் வெற்றியை நிறுத்தியது. அன்று வெறுந்தலையோடு பல பேரை ஒரே ஆளாகத் தடுத்து நிற்கும் அவருடைய புகைப்படத்தைக் கட்டாயம் பாருங்கள்.

டியூக் என்பது சொந்தப் பெயரா?

இல்லை, ஃப்ரெடரிக். வீட்டு நாயின் பெயர் டியூக், அது இவருக்கு ஒட்டிக்கொண்டது.

கறுப்பினத்தவர் என்பதால் சிரமப்பட்டாரா?

அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்-லில் ஆடிய முதல் கறுப்பின லைன்மேன் அவர். 1922 முதல் 1931 வரை, முதலில் ராக் ஐலண்ட் அணி, பிறகு கார்டினல்ஸ். 1924-ல் கன்சாஸ் சிட்டியில் நடந்த ஆட்டத்தில் நிறத்தைக் காரணம் காட்டி அவரை வெளியே உட்கார வைத்தார்கள். 1927-ல் மொத்த லீகிலும் கறுப்பினத்தவர் இவர் ஒருவர்தான். இவர் ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் கதவையே சாத்திவிட்டார்கள். 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பினத்தவர்கூட ஆடவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

ஓய்வுக்குப் பிறகு?

ஆடிக்கொண்டே சட்டம் படித்து 1928-லேயே பட்டம் வாங்கியிருந்தார். சிகாகோவில் வக்கீலாக இருந்து, 1948-ல் தேர்தலில் வென்று நீதிபதியானார்.

உரிய மரியாதை கிடைத்ததா, சார்?

சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் கல்லூரி ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் 1951-லேயே, முதன்முதலில் தேர்வானவர்களோடு சேர்த்தார்கள். தொழில்முறை ஹால் ஆஃப் ஃபேமுக்கு 2020 வரை ஆனது. அவர் இறந்தது 1966-ல். 2021-ல் அயோவா பல்கலைக்கழக மைதானத்தின் ஆடுகளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.